உடன்படிக்கைப் பெட்டி எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடன்படிக்கைப் பெட்டி என்று பேச்செடுத்தாலே, “அதான் எத்தியோப்பியாவில் இருக்கிறதே” என்பார் ஒருவர். “கண்டுபிடித்தாயிற்று, வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள்” என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் மறக்காமல் ஒரு வீடியோவை அனுப்பிவைப்பார்கள். அதைப் பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை, வழக்கமாக வரும் கேள்விகளாகவே இங்கே எழுதியிருக்கிறேன். வேதாகமப் பெயர்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

முதலில், இது என்ன பெட்டி?

சீனாய் மலையில் மோசே பெற்ற பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைக்கச் செய்த பெட்டி. கத்தோலிக்கர்கள் உடன்படிக்கைப் பேழை என்பார்கள். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் அளவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது: நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. முழத்துக்கு 45 சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டால் சுமார் 112 × 67 × 67 சென்டிமீட்டர். பலர் கற்பனை செய்வதைவிடச் சின்னப் பெட்டிதான். மரம் சீத்தீம், அதாவது அந்தப் பாலைநிலத்தில் வளரும் ஒரு வகை வேல மரம். உள்ளும் புறமும் பொன்தகடு. நாலு மூலையிலும் பொன் வளையம், அவற்றில் கோத்த இரண்டு தண்டுகள். தண்டுகளை ஒருபோதும் கழற்றக் கூடாது என்பது கட்டளை. மேலே பசும்பொன்னில் கிருபாசனம் என்ற மூடி, அதன் இரண்டு ஓரத்திலும் செட்டை விரித்த கேருபீன்கள் என்ற தேவதூத உருவங்கள். செய்தவர் பெயர்கூட இருக்கிறது: பெசலெயேல்.

உள்ளே என்ன இருந்தது?

எபிரெயர் நிருபத்தைப் படித்தவர்கள் மூன்று சொல்வார்கள்: கற்பலகைகள், மன்னா வைத்த பொற்பாத்திரம், ஆரோனுடைய துளிர்த்த கோல். ஆனால் சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளில் அதில் இரண்டு கற்பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று 1 இராஜாக்கள் 8-ஆம் அதிகாரம் அழுத்திச் சொல்கிறது. நடுவில் மற்றவை எங்கே போயின என்று கேட்டு யூத மத ஆசான்களான ரபீக்கள் நிறையவே விவாதித்திருக்கிறார்கள்.

கடைசியாக அது எங்கே, எப்போது இருந்தது?

நாட்டில் அது சுற்றிய கதை நீளமானது. எபெனேசர் போரில் இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தர் அதைப் பிடித்துக்கொண்டு போய் அஸ்தோத்தில் தங்கள் தெய்வமான தாகோனின் கோயிலில் வைத்தார்கள். மறுநாள் காலையில் தாகோன் சிலை முகங்குப்புறக் கிடந்தது. ஊரில் கொள்ளைநோய். காத், எக்ரோன் என்று ஊர் மாற்றிப் பார்த்தும் தொல்லை தீராமல், ஏழு மாதம் கழித்து, கன்றுகளைப் பிரித்த இரண்டு கறவைப் பசுக்களைப் புது வண்டியில் கட்டி, பெட்டியை ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். பெத்ஷிமேசுக்கு வந்து, அங்கிருந்து கீரியாத்யாரீமில் அபினதாபின் வீட்டில் இருந்தது. பிறகு தாவீது எருசலேமுக்குக் கொண்டுவரும் வழியில் மாடுகள் இடற, கைநீட்டிப் பிடித்த ஊசா அங்கேயே செத்தான். பயந்துபோன தாவீது மூன்று மாதம் அதை ஓபேத்ஏதோம் வீட்டில் விட்டுவைத்தார். சாலொமோன் காலத்தில் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனது.

அதற்கு அப்புறம் வேதம் ஏறக்குறைய மௌனம். கடைசியாகப் பெட்டி தலைகாட்டுவது 2 நாளாகமம் 35:3-இல். கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட யோசியா ராஜா, பரிசுத்தப் பெட்டியை ஆலயத்திலே வையுங்கள், இனி அது உங்கள் தோளில் சுமையாயிருக்க வேண்டியதில்லை என்று ஆலயப் பணியாளர்களான லேவியரிடம் சொல்கிறார். இந்த வசனம் எனக்கு எப்போதும் உறுத்தும். ஆலயத்தில்தானே முன்னூறு வருடமாக இருந்தது? ‘அங்கே வையுங்கள்’ என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் யாரோ வெளியே எடுத்திருக்க வேண்டும். யோசியாவின் தாத்தா மனாசே ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தை வைத்தவர். அவர் காலத்தில் லேவியர் அதை வெளியே கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள் என்று ஊகிப்பவர்கள் உண்டு.

பாபிலோனியர் கொண்டுபோயிருக்க மாட்டார்களா?

போயிருக்கலாம். ஆனால் பட்டியலில் இல்லை.

நேபுகாத்நேச்சாரின் படை கி.மு. 586 வாக்கில் ஆலயத்தை எரித்தபோது எடுத்துப்போன பொருள்களை 2 இராஜாக்கள் 25-ஆம் அதிகாரமும் எரேமியா 52-ஆம் அதிகாரமும் கடைச் சரக்கு எழுதுவதைப் போல வரிசைப்படுத்துகின்றன. வெண்கலத் தூண்களை உடைத்துச் சுமந்தார்கள். சட்டிகள், சாம்பல் அள்ளும் கரண்டிகள், கிண்ணங்கள்கூட விடவில்லை. சாம்பல் கரண்டியை எழுதியவர், இஸ்ரவேலின் ஆகப் பெரிய பரிசுத்தப் பொருளை எழுதவில்லை. பிறகு பெர்சிய ராஜா கோரேஸ் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தபோது எஸ்றா முதலாம் அதிகாரத்தில் இன்னொரு பட்டியல் வருகிறது: 30 பொற்தட்டுகள், 29 கத்திகள், மொத்தம் 5,400 சாமான்கள். அதிலும் பெட்டி இல்லை.

இதற்கு இரண்டு விளக்கம்தான் பொருந்தும். ஒன்று, பாபிலோனியர் வரும்போது அது அங்கே இல்லை. இல்லையென்றால், பெட்டியாக இல்லாமல் உலோகமாகப் போய்விட்டது. இரண்டாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. கி.மு. 597-இல், முதல் கொள்ளையின்போதே, சாலொமோன் செய்துவைத்த பொற்பொருள்களை நேபுகாத்நேச்சார் துண்டு துண்டாக வெட்டினான் என்று 2 இராஜாக்கள் 24:13 சொல்கிறது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன், அசீரிய ராஜாவுக்குக் கப்பம் கட்டப் பணமில்லாமல் எசேக்கியா தானே ஆலயக் கதவுகளின் பொன்னை உரித்துக் கொடுத்தார். பக்திமான் என்று பெயரெடுத்த ராஜாவே கதவை உரிக்க வேண்டிய நிலை இருந்த ஊரில், பொன்தகடு போர்த்திய மரப்பெட்டியின் கதி என்னவாகியிருக்கும்? தகட்டை உரித்துக்கொண்டு மரத்தை நெருப்பில் போட்டிருப்பார்கள் என்பதுதான் என் கணிப்பு. சுவாரசியமில்லாத முடிவுதான், என்ன செய்வது.

எகிப்தின் சீஷாக் எடுத்துப்போனதாகவும் சொல்கிறார்களே?

சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் ஐந்தாம் வருடத்தில், கி.மு. 925 வாக்கில், சீஷாக் எருசலேமின் பொக்கிஷங்களை எடுத்துப்போனான் என்று வேதம் சொல்கிறது. கர்னாக் கோயில் சுவரில் அவன் பிடித்த ஊர்களின் பட்டியல் செதுக்கப்பட்டிருக்கிறது. வாசிக்க முடிகிற பெயர்களில் எருசலேம் இல்லை. அதோடு, சீஷாக் எடுத்துப்போயிருந்தால் முன்னூறு வருடம் கழித்து யோசியா எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினார்?

எரேமியா மலைக்குகையில் ஒளித்துவைத்தாரா?

கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கும் 2 மக்கபேயர் 2-ஆம் அதிகாரம் அப்படித்தான் சொல்கிறது. மோசே ஏறிப் பார்த்த மலையில் (ஜோர்தானில் இருக்கும் நேபோ) ஒரு குகைக்குள் கூடாரத்தையும் பெட்டியையும் தூபபீடத்தையும் வைத்து வாசலை அடைத்தார். பின்னால் வந்த சிலர் வழியை அடையாளம் செய்யப் பார்த்தார்கள், கண்டுபிடிக்க முடியவில்லை. எரேமியா அவர்களைக் கடிந்துகொண்டு, கடவுள் தம் மக்களைத் திரும்பச் சேர்க்கும்வரை அந்த இடம் யாருக்கும் தெரியாது என்றார். இது எழுதப்பட்டது ஆலயம் எரிந்து நானூறு வருடத்துக்கும் பிறகு. இதே எரேமியாவின் பெயரில் உள்ள புத்தகமோ, இனி யாரும் பெட்டியைப் பற்றிப் பேசவும் நினைக்கவும் மாட்டார்கள், இன்னொன்று செய்யவும் மாட்டார்கள் (3:16) என்கிறது. ஒளித்துவைத்தவர் பேசுகிற பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

1981-இல் ஒரு அமெரிக்கக் குழு நேபோ பக்கத்தில் பெட்டியைப் பார்த்துவிட்டதாகப் போட்டோவோடு அறிவித்தது. போட்டோவைப் பார்த்த தொல்லியல் அறிஞர் சீக்ஃப்ரீட் ஹார்ன், அதில் இருந்தது இயந்திரத்தில் செய்த தகடு, இந்தக் காலத்து ஆணி என்று சொல்லிவிட்டார்.

இயேசு காலத்து ஆலயத்தில் பெட்டி இருந்ததா?

இல்லை. மகா பரிசுத்த ஸ்தலம் காலி. பெட்டி இருந்த இடத்தில் மூன்று விரல்கடை உயரக் கல் ஒன்று மட்டும் இருந்தது, தலைமை ஆசாரியர் அதன்மேல்தான் தூபகலசத்தை வைப்பார் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பே உள்ளே நுழைந்தே பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதுகிறார். கி.பி. 70-இல் ரோமர் கொள்ளையடித்ததை ரோமில் உள்ள தீத்துவின் வெற்றி வளைவில் செதுக்கியிருக்கிறார்கள்: ஏழுகிளை விளக்குத்தண்டு, அப்பத்து மேசை, எக்காளங்கள். அதில் ஒரு பெட்டியைக் காட்டி ‘இதோ’ என்று வரும் பதிவுகளை நம்ப வேண்டாம், அது மேசை.

ஆலய மலைக்கு அடியிலேயே இருக்கிறது என்கிறார்களே, தோண்டிப் பார்த்தால் என்ன?

இது யூத மரபில் மிகப் பழைய நம்பிக்கை. மிஷ்னாவில் ஒரு சின்னக் கதை: ஆலயத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியர் ஒருவர், விறகுக் கிடங்குப் பக்கம் தளக்கல் ஒன்று மற்றவற்றைப் போல இல்லாததைக் கவனித்தார். கூட இருந்தவரிடம் சொல்ல வாயெடுத்தார். சொல்லி முடிக்குமுன் உயிர் போய்விட்டது. பெட்டி அங்கேதான் மறைந்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்களாம். ஆலயம் ஒருநாள் அழியும் என்று தெரிந்தே சாலொமோன் ஆழத்தில் சுரங்க அறை கட்டிவைத்தார், யோசியா அதில் பெட்டியை வைக்கச் சொன்னார் என்று 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதீஸ் எழுதினார். லீன் ரிட்மயர் என்ற கட்டடக்கலை அறிஞர், ஆலய மலையில் இன்று நிற்கும் பாறைக் குவிமாடம் என்ற இஸ்லாமியக் கட்டடத்துக்குள் இருக்கும் பாறையில் சுமார் 131 × 79 சென்டிமீட்டரில் செவ்வகப் பள்ளம் ஒன்றைக் காட்டி, பெட்டி அமர்ந்திருந்த இடம் இதுதான் என்கிறார். நீண்ட முழத்தில் கணக்குப் போட்டால் அளவு பொருந்துகிறது.

தோண்டுவது நடக்காது. மேலே இருப்பது அல்-அக்ஸா மசூதி வளாகம், இஸ்லாமியர்களுக்கு மூன்றாவது புனிதத் தலம். 1981-இல் மேற்குச் சுவரின் ரபீ யெகூதா கெட்ஸ், சுவரையொட்டிய சுரங்கத்தில் அடைபட்டிருந்த பழைய வாசல் ஒன்றைத் திறந்து கிழக்கே போக ஆரம்பித்தார். சத்தம் கேட்டு மசூதிக் காவலர்கள் இறங்கிவர, நிலத்துக்கடியில் கைகலப்பு. இஸ்ரேல் அரசே கான்கிரீட் போட்டு அந்த வழியை அடைத்தது.

யாருமே அங்கே தோண்டியதில்லையா?

தோண்டினார்கள், அதுவும் ராத்திரியில், மாறுவேடத்தில். இந்தத் தேடலின் வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த கூத்து இதுதான்.

ஃபின்லாந்துக்காரர் வால்டர் யூவேலியுஸ் கவிஞர். எசேக்கியேல் புத்தகத்தில் ரகசியக் குறியீடு இருப்பதாகவும், அதைப் பிரித்துப் படித்துப் பெட்டி இருக்கும் சுரங்கத்தைத் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். பிரபு குடும்பத்தில் பிறந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மாண்டேகு பார்க்கர் அதை நம்பினார். பணக்காரர்களிடம் முதல் திரட்டி, ஒட்டோமான் அதிகாரிகளுக்கும் பங்கு தருவதாகப் பேசி, 1909-இல் எருசலேமில் வேலையைத் தொடங்கினார். தாவீதின் நகரம் என்று இன்று சொல்லப்படும் சரிவில், கீகோன் ஊற்றைச் சுற்றிச் சுரங்கம் சுரங்கமாகத் துப்புரவு செய்தார்கள். குழுவில் தொல்லியல் படித்தவர் ஒருவரும் இல்லை. ஊருக்குள் முணுமுணுப்பு எழுந்ததும், டொமினிக்கன் துறவியான லூயி யூக் வேன்சான் என்ற அறிஞரை உள்ளே வந்து பார்த்து எழுதிக்கொள்ள அனுமதித்தார்கள். பக்கத்து நிலத்தை பாரன் ரோத்ஷில்ட் வாங்கிப்போட்டது தலைவலியை இன்னும் கூட்டியது.

மழை, சேறு, செலவு. இரண்டு வருடம் ஓடியும் பெட்டி வரவில்லை. அனுமதிக் காலம் முடியப்போகிற நேரத்தில், 1911 ஏப்ரலில், பார்க்கர் கடைசிச் சீட்டை இறக்கினார். மசூதி வளாகத்தில் பொறுப்பிலிருந்த ஒரு ஷேக்குக்குப் பணம் கொடுத்து, அரபு உடை போட்டுக்கொண்டு, ராத்திரி ராத்திரியாக உள்ளே போய்த் தோண்டினார்கள். கடைசியில் கைவைத்தது பாறைக் குவிமாடத்துப் பாறைக்கு அடியிலுள்ள குகையில். அப்போது ஊரில் நபி மூஸா திருவிழாக் கூட்டம். வீடு நிறைய விருந்தாளிகள் இருந்ததால் படுக்க இடமில்லாமல் காவலாளி ஒருவர் மசூதிக்கே தூங்க வந்தார், அவர் காதில் கடப்பாரைச் சத்தம் விழுந்தது என்று சொல்வார்கள். விடிவதற்குள் நகரம் கொந்தளித்தது. சாலொமோனின் கிரீடத்தைக் கொண்டுபோய்விட்டார்கள், நபியின் வாளைத் திருடிவிட்டார்கள் என்று ஆளுக்கொரு வதந்தி.

பார்க்கர் குழு யாப்பா துறைமுகத்துக்கு ஓடியது. சுங்க அதிகாரிகள் பெட்டி படுக்கைகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. “வாருங்கள், என் படகில் வைத்து நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்” என்று பார்க்கர் அழைத்தார். முன்னால் போய்ப் படகில் விளக்கெல்லாம் ஏற்றி வைத்து, அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் நங்கூரத்தைத் தூக்கிக் கிளம்பிவிட்டார். பார்க்கர் 1962 வரை வாழ்ந்தார். வேன்சான் எழுதிவைத்த பழைய எருசலேமின் தண்ணீர்ப் பாதைகள் பற்றிய குறிப்புகளைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். தேடியவர்களுக்கு வராத பெயர், ஓரமாக நின்று அளந்தவருக்கு வந்தது.

அயர்லாந்தில் தேடியதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. ஆங்கிலேயர்கள்தான் இஸ்ரவேலின் காணாமல்போன கோத்திரம் என்று நம்பிய ஒரு கூட்டத்தார், 1899 முதல் 1902 வரை அயர்லாந்தின் பழைய அரசர்கள் முடிசூடிய தாரா குன்றைத் தோண்டினார்கள். கவிஞர் யேட்ஸ், டக்ளஸ் ஹைட் (பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர்) போன்றவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை, பழமையான மண்மேடு நாசமானதுதான் மிச்சம்.

சரி, எத்தியோப்பியாவுக்கு வருவோம். அக்சுமில் இருப்பது உண்மையான பெட்டியா?

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை ஆம் என்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் உருவான அவர்களுடைய ‘கெப்ரா நெகஸ்ட்’ நூலின்படி, சேபா நாட்டு ராணி மாக்கெதாவுக்கும் சாலொமோனுக்கும் பிறந்த மெனெலிக், வளர்ந்தபின் அப்பாவைப் பார்க்க எருசலேம் போனான். திரும்பும்போது கூட வந்த ஆசாரியர்களின் பிள்ளைகள் பெட்டியை எடுத்துவந்துவிட்டார்கள். பெட்டியே விருப்பப்பட்டு வந்தது, அதனால் சாலொமோனால் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

இன்று அது அக்சும் நகரில், சீயோன் மரியாள் ஆலய வளாகத்தில், 1960-களில் கட்டிய ஒரு சின்னச் சிற்றாலயத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இரும்பு வேலிக்குள் ஒரே ஒரு துறவி. அவர் மட்டும்தான் உள்ளே போகலாம். சாகும்வரை வளாகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. சபைத் தலைவரான குலபதிக்கும் அனுமதி இல்லை.

வரலாற்றுக் கணக்கில் இடிக்கிறது. சாலொமோன் காலம் கி.மு. 10-ஆம் நூற்றாண்டு, அக்சும் ஒரு ராஜ்யமாகத் தலையெடுப்பது கிறிஸ்துவுக்குப் பின், கிறிஸ்தவம் அரசமதமானது 4-ஆம் நூற்றாண்டில் எசானா ராஜா காலத்தில். 1270-இல் ஆட்சியைப் பிடித்த வம்சம் தன்னைச் சாலொமோனின் வாரிசு என்று சொல்லிக்கொண்டது. நூல் அதற்கு வலு சேர்த்தது. 1974-இல் ஹைலி செலாசி இறக்கப்படும்வரை அந்த உரிமை ஓடியது.

பார்த்தேன் என்று சொன்ன வெளியாள் ஒருவர் உண்டு. எட்வர்ட் உல்லென்டார்ஃப், எத்தியோப்பிய மொழிகளில் பெரிய அறிஞர். 1941-இல் பிரிட்டிஷ் ராணுவத்தோடு அக்சும் போனபோது உள்ளே போய்ப் பார்த்ததாக 1992-இல் ஒரு பேட்டியில் சொன்னார்: மரப்பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை, இடைக்காலத்தில் செய்தது. சபை இதை ஏற்பதில்லை.

என்னைக் கேட்டால், உண்மையா பொய்யா என்று மட்டும் பார்த்துவிட்டு எத்தியோப்பியாவைக் கடந்துபோகிறவர்கள் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள். அந்நாட்டில் ஒவ்வொரு ஆலயத்திலும் ஒரு தாபோத் இருக்கும். கட்டளைப் பலகைகளின் பிரதி. அது இல்லாத கட்டடம் ஆலயமே இல்லை. ஜனவரி 19-இல் திம்கத் திருவிழாவில், பட்டும் ஜரிகையுமாகச் சுற்றி, குருமார் அதைத் தலையில் சுமந்து தண்ணீர்க் கரைக்கு ஊர்வலம் போவார்கள். மேலே குடை, முன்னால் முரசு, பெண்களின் குலவை. துணிக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கக் கேட்பதும் இல்லை.

இந்த மரியாதை லண்டன்வரை போயிருக்கிறது. 1868-இல் பிரிட்டிஷ் தளபதி நேப்பியர் தலைமையில் இந்தியாவிலிருந்து கிளம்பிய படை (மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவும் அதில் உண்டு) எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைப் பிடித்துச் சூறையாடியது. கொள்ளையைச் சுமக்க 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்ததாம். அப்படிப் போன தாபோத்துகளில் 11 பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காட்சிக்கு வைப்பதில்லை, அங்கே வேலை செய்பவர்களே பார்ப்பதில்லை. பார்க்கவே போவதில்லை என்றால் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எத்தியோப்பியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எடின்பரோவில் ஒரு தேவாலய அலமாரியில் கிடைத்த ஒன்றை அந்தச் சபையார் 2002-இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்கப் பழங்குடியிடம் இருப்பதாகவும் படித்தேன்?

லெம்பா மக்கள். தங்கள் முன்னோர் யூதர்கள் என்று சொல்பவர்கள். மரபணு ஆய்வில் அவர்களுடைய ஒரு குலத்து ஆண்களிடம் யூத ஆசாரிய வம்சத்தோடு பொருந்தும் அடையாளம் கிடைத்தது. ‘ங்கோமா லுங்குண்டு’ என்ற மரப்பறையைத் தண்டு கோத்துச் சுமந்துவந்ததாகவும், அது தரையில் படக் கூடாது, மற்றவர் தொடக் கூடாது என்றும் அவர்கள் மரபு. லண்டன் பேராசிரியர் டியூடர் பார்ஃபிட் அதை 2007-இல் ஹராரே அருங்காட்சியகக் கிடங்கில் கண்டெடுத்தார். கரிமக் கணிப்பு கி.பி. 1350 வாக்கு என்று காட்டியது. மூலப் பெட்டி அழிந்தபின் அதன் வழியில் செய்த மறுபிரதி இது என்பது அவர் வாதம். ஒரு விஷயத்தில் லெம்பா பறைக்குப் பெருமை உண்டு: இந்தப் பக்கத்தில் வரும் ‘பெட்டி’களில் பரிசோதனைக்கு உட்பட்டது அது ஒன்றுதான்.

கல்வாரிக்கு அடியில் கண்டுபிடித்து, இயேசுவின் இரத்தம் அதன்மேல் இருந்ததாக ஒரு வீடியோ வருகிறதே?

அது ரான் வயட். அமெரிக்காவில் மயக்கமருந்துப் பிரிவுச் செவிலியராக வேலை பார்த்தவர், 1999-இல் இறந்தார். எருசலேமின் தோட்டக் கல்லறைப் பக்கம் 1982-இல் பெட்டியைப் பார்த்ததாகச் சொன்னார். நோவாவின் பேழை, செங்கடலில் பார்வோனின் ரதச் சக்கரம் எல்லாமும் அவர் ‘கண்டுபிடித்தவை’தான். தெளிவான போட்டோ இல்லை, ஒரு துண்டு மரம் இல்லை, இரத்தப் பரிசோதனை அறிக்கையும் யார் கையிலும் இல்லை. தோட்டக் கல்லறையைப் பராமரிக்கும் கிறிஸ்தவ அமைப்பே அங்கே எதுவும் கிடைக்கவில்லை என்று மறுத்திருக்கிறது. பிரசங்கத்தில் இதைச் சாட்சியாகச் சொல்வதை நிறுத்தினால் நல்லது; விசுவாசத்துக்கு இந்த முட்டு தேவையில்லை.

சிஐஏ கண்டுபிடித்துவிட்டதாமே?

2025-இல் பரவிய செய்தி. ஆவணம் உண்மை, அர்த்தம் வேறு. பனிப்போர் காலத்தில், உட்கார்ந்த இடத்திலிருந்தே மனதால் தூரத்துப் பொருளைப் ‘பார்க்க’ முடியுமா என்று அமெரிக்க உளவுத்துறை சோதித்தது. 1988 டிசம்பர் 5-இல் நடந்த ஒரு சோதனையில் 032-ஆம் எண்ணுள்ளவர், மத்திய கிழக்கில் நிலத்தடியில் மரமும் பொன்னும் சேர்ந்த பேழை இருப்பதாக விவரித்தார். எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். யாரும் போய்ப் பார்க்கவில்லை. உளவுக்கு உதவவில்லை என்று மொத்தத் திட்டத்தையும் 1995-இல் மூடிவிட்டார்கள்.

சாக்கடல் செப்புச் சுருளில் இடம் குறித்திருக்கிறதா?

1952-இல் சாக்கடல் கரையோரக் கும்ரானில் கிடைத்த அந்தச் சுருள் அறுபதுக்கு மேற்பட்ட புதையல் இடங்களைச் சொல்கிறது: பொன், வெள்ளி, பாத்திரங்கள். உடன்படிக்கைப் பெட்டி என்ற பெயர் அதில் இல்லை.

இப்போது தொல்லியல்காரர்கள் யாரும் தேடுகிறார்களா?

பெட்டியைத் தேடுவதில்லை, பெட்டியின் கதை எங்கே பிறந்தது என்று தேடுகிறார்கள். எருசலேமுக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், அபூ கோஷ் ஊரை ஒட்டிய குன்றுதான் பழைய கீரியாத்யாரீம். உச்சியில் கன்னியாஸ்திரீகள் மடம். 1924-இல் கட்டிய ஆலயத்தின் மேலே, பேழைமீது நிற்கும் மாதா சொரூபம். (மாதா பிரார்த்தனையில் மரியாளைப் பேழை என்று அழைக்கும் வழக்கம் நம்மூர்க் கத்தோலிக்கர்களுக்குத் தெரிந்ததுதான்.) 2017 முதல் தொல்லியல் அறிஞர் இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைனும் வேதாகம அறிஞர் தோமா ரோமரும் அங்கே அகழ்ந்தார்கள். குன்றின் தலையைச் சமன் செய்து, பெரிய சுவர்களால் தாங்கிய மேடை கிடைத்தது: ஏறக்குறைய 150 × 110 மீட்டர். அவர்கள் கணிப்பில் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. வடக்கு இஸ்ரவேல் ராஜா இரண்டாம் யெரொபெயாம் இங்கே ஒரு பெட்டிக் கோயில் கட்டினார், சாமுவேல் புத்தகத்தின் பெட்டிக் கதை அதைச் சுற்றி எழுதப்பட்டது என்பது அவர்கள் வாதம். எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மேடை அங்கே இருக்கிறது, போய் அளக்கலாம்.

அப்படியொரு பெட்டி இருந்ததாகவே நம்பலாமா?

நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன். தண்டு கோத்துச் சுமக்கும் பொன்பூசிய பெட்டிகள் அந்தக் காலத்துக்குப் புதிதல்ல. 1922-இல் திறந்த எகிப்திய மன்னன் தூத்தன்காமன் கல்லறையில், அனுபிஸ் தெய்வம் படுத்திருக்கும் பெட்டி அப்படிப்பட்டதுதான்: மரம், பொன்பூச்சு, அடியில் தண்டுகள். மோசேயின் காலம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் நூற்றாண்டுகளை ஒட்டியது அது. வேதம் சொல்லும் வேலைப்பாடு அந்த வட்டாரக் கைவினைக்குள் அடங்குகிறது.

அது மின்சாரக் கருவி என்று ஒரு விளக்கம்?

மரத்தின் இரு பக்கமும் பொன் இருப்பதால் மின்தேக்கி என்பார்கள். அதில் மின்னை ஏற்றியது யார், எதை வைத்து? பதில் வந்தபின் பேசுவோம்.

குர்ஆனில் இது வருகிறதா?

வருகிறது. அல்-பகரா அத்தியாயம் 248-ஆம் வசனத்தில், தாலூத்தின் (வேதாகமத்தில் சவுல்) அரசுரிமைக்கு அடையாளமாக மலக்குகள் (வானதூதர்கள்) சுமந்துவரும் தாபூத், அதாவது பெட்டி. அதில் இறைவனின் அமைதியும் மூஸா (மோசே), ஹாரூன் (ஆரோன்) குடும்பத்தார் விட்டுச்சென்றவையும் இருக்கும்.

நாளைக்கே ஒன்று கிடைத்தால், உண்மையா என்று எப்படித் தெரியும்?

மரத்தில் ஒரு சிறு துணுக்கு போதும், கரிமக் கணிப்பு வயதைச் சொல்லும். வேல மரமா என்பதை நுண்ணோக்கி சொல்லும். பலகைகள் கிடைத்தால் இன்னும் எளிது. சினிமாவிலும் படங்களிலும் பத்துக் கட்டளைகளைச் சதுர எபிரெய எழுத்தில் போடுவார்கள். அந்த வடிவம் யூதர்களிடம் நிலைபெற்றது பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு. சாலொமோன் ஆலயத்துக் கல்லில் அந்த எழுத்து இருந்தால், அங்கேயே மூட்டை கட்டிவிடலாம். அதற்கு மேல், எந்த மண்ணடுக்கில், எதோடு சேர்ந்து கிடைத்தது, யார் முன்னிலையில் எடுத்தார்கள் என்ற பதிவு வேண்டும்.

சம்பந்தப்பட்ட இடங்களைப் பார்க்க முடியுமா?

நிறைய. எருசலேம் பயணக் குழுக்களில் போகிறவர்கள் வழிகாட்டியிடம் கேட்டால் அபூ கோஷ் குன்றுக்குக் கூட்டிப்போவார்; அங்கிருந்து மேற்கே பெத்ஷிமேஸ் அதிக தூரமில்லை. பார்க்கர் குழு புரண்ட கீகோன் சுரங்கங்களில் இன்று டிக்கெட் வாங்கி நடக்கலாம், எசேக்கியா சுரங்கத்தில் முழங்கால்வரை தண்ணீர் இருக்கும், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். செப்புச் சுருள் அம்மானில் ஜோர்தான் அருங்காட்சியகத்தில். அக்சுமில் வேலிக்கு வெளியே நின்று சிற்றாலயத்தைப் பார்க்கலாம். வளாகத்துப் பழைய ஆலயத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை, ஹைலி செலாசி கட்டிய புது ஆலயத்துக்குள் எல்லோரும் போகலாம். 2020-இல் தொடங்கிய திக்ராய் போரில் அந்நகரம் மோசமாக அடிபட்டது, நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். டிக்கெட் போடுவதற்கு முன் அப்போதைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.